தோற்றவள் கொடுத்த கணக்கு

2021 அக்டோபரில் எங்கள் ஊராட்சியில் வார்டு உறுப்பினர் தேர்தலுக்கு நின்று பதினெட்டு ஓட்டில் தோற்றேன். மற்ற 27 மாவட்டங்களில் 2019 டிசம்பரிலேயே முடிந்த தேர்தல் அது. வேலூர் மாவட்டத்தை மூன்றாகப் பிரித்ததில் வார்டு எல்லைகளை மறுபடி வரைய வேண்டியிருந்ததால் எங்களுக்குத் தள்ளிப்போனது.

டெபாசிட் 200 ரூபாய். செலவுக்கு உச்சவரம்பு 9,000. முடிவு அறிவித்த 30 நாளுக்குள் செலவுக் கணக்கை ஒப்படைக்க வேண்டும், தோற்றவர்களும்தான். தவறினால் மூன்று ஆண்டுகளுக்குத் தேர்தல் பக்கமே போக முடியாது. துண்டறிக்கை அச்சடித்த பில், ஆட்டோ வாடகை, தேநீர்க்கடைச் சீட்டு என்று 4,310 ரூபாய்க்குக் கணக்கு எழுதி ஒன்றிய அலுவலகத்துக்கு எடுத்துப்போனேன். ஒரு சீட்டில் தேதி இல்லை என்று திருப்பி அனுப்பினார்கள். நாற்பது ரூபாய்த் தேநீருக்காக மறுபடி பஸ் ஏறிப் போய்க் கையெழுத்து வாங்கி வந்தேன்.

அந்த நாற்பது ரூபாய் மனத்தில் இருந்ததால்தான் 2023-இல் அக்காவுக்காக அவ்வளவு பிடிவாதம் பிடித்தேன் என்று நினைக்கிறேன்.

அக்கா எங்கள் தெருவுக்குக் குப்பை வண்டி தள்ளி வருகிற தூய்மைக் காவலர். அப்போது மாதம் 5,000 ரூபாய் ஊதியம். மார்ச் தொடங்கி ஐந்து மாதமாக அவருக்கு ஒரு பைசா வரவில்லை. உடன் வேலை செய்கிற மற்றவர்களுக்கு வந்துகொண்டிருந்தது. ஊராட்சியில் கேட்டால் "போட்டாகிவிட்டது", வங்கியில் கேட்டால் "வரவில்லை". ஆகஸ்ட் 15 கிராம சபையில் நான் எழுந்து கேட்டேன். வரவு செலவைப் பெரிய பிளக்ஸில் எழுதி வேப்பமரத்தில் கட்டியிருந்தார்கள். அதில் தூய்மைப் பணிக்கு ஒரே வரி, ஒரே தொகை. "பார்த்துச் சொல்கிறோம்" என்றார்கள். தீர்மானப் புத்தகத்தில் என் கேள்வியை எழுதச் சொன்னபோதுதான் சலசலப்பு வந்தது. "தோற்றுப்போன கோபம்" என்று பின்னால் யாரோ சொன்னது காதில் விழுந்தது.

அந்த வாரமே சத்துவாச்சாரி நீதிமன்றம் பக்கம் போய்ப் பத்து ரூபாய் கோர்ட் ஸ்டாம்பு வாங்கினேன். பன்னிரண்டு ரூபாய் கேட்டார்கள். கொடுத்தேன். ஸ்டாம்பை வெள்ளைத்தாளில் ஒட்டித் தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005, பிரிவு 6(1) என்று தலைப்பிட்டு, அக்காவின் ஊதியம் எந்தத் தேதியில், எந்தக் கணக்கில் செலுத்தப்பட்டது என்று கேட்டு, ஒப்புகை அட்டையுடன் பதிவு அஞ்சலில் அனுப்பினேன். ஏன் கேட்கிறேன் என்று விளக்கம் எழுதவில்லை. சட்டப்படி எழுதத் தேவையில்லை. விளக்கம் எழுதினால் விளக்கத்துக்குத்தான் பதில் வரும், கேள்விக்கு வராது.

இருபத்தொன்பதாம் நாள் பதில் வந்தது: மூன்றாம் நபரின் தனிப்பட்ட தகவல், தர இயலாது. ஊழியர்களின் மாத ஊதியத்தை அலுவலகம் தானாகவே வெளியிட வேண்டும் என்று அதே சட்டம் பிரிவு 4-இல் சொல்கிறது. மேல்முறையீட்டில் அதைக் காட்டிச் சண்டை போடலாம்தான். ஆனால் தாளைத் திரும்பத் திரும்பப் படித்தபோதுதான் என் முட்டாள்தனம் புரிந்தது. நான் ஏன் கேட்டேன்? அக்காவே கேட்டால் மூன்றாம் நபர் எங்கிருந்து வருவார்?

அக்காவுக்குப் பயம். "வண்டியைப் பிடுங்கிவிட்டால் என்ன செய்வேன் பாப்பா?" என்றார். நான் வற்புறுத்தவில்லை. வற்புறுத்த எனக்கு என்ன உரிமை, என் சோறு அதில் இல்லை. இரண்டு நாள் கழித்து அவரே வந்து, "எழுது, கையெழுத்துப் போடுகிறேன்" என்றார். இம்முறை ஒரு வரி கூட்டினேன்: வருகைப் பதிவேட்டையும் ஊதியப் பட்டியலையும் நேரில் பார்வையிட அனுமதி வேண்டும்.

முப்பது நாள் பதிலே இல்லை. முதல் மேல்முறையீடு போட்டோம். அதற்குக் கட்டணம் கிடையாது. இதற்கிடையில் தீபாவளி வெறுங்கையோடு போனது. அக்கா காலையில் குப்பை வண்டி, மதியம் கத்திரித் தோட்டத்தில் கூலி என்று ஓட்டினார்.

நவம்பர் கடைசியில் அழைப்பு வந்தது. ஒன்றிய அலுவலகத்தில் எங்கள் முன்னால் பதிவேட்டைத் திறந்தார்கள். வருகை எல்லாம் சரியாக இருந்தது, ஒரு நாள்கூட விடுபடவில்லை. ஊதியப் பட்டியலில் மாதாமாதம் தொகையும் ஏறியிருந்தது. அக்கா பையிலிருந்து பாஸ்புக்கை எடுத்து மேசையில் வைத்தார். பிப்ரவரியில்தான் பழைய கணக்கு முடங்கிவிட்டது என்று புதுக்கணக்கு தொடங்கியிருந்தார். நான் ஒவ்வோர் எண்ணாக விரல் வைத்துப் படிக்க, எழுத்தர் தாளில் பார்த்துவந்தார். ஏழாவது எண்ணில் நின்றார். 38 என்று இருக்க வேண்டிய இடத்தில் 83.

எட்டு மாதமாகப் பணம் போய், வங்கியில் மோதி, ஊராட்சிக் கணக்குக்கே திரும்பி வந்துகொண்டிருந்தது. யாரும் திருடவில்லை. திருடியிருந்தால்கூட எனக்குக் கோபப்பட ஓர் ஆள் கிடைத்திருப்பார். திரும்பி வந்த வரி வங்கித் தாளில் எட்டு முறை அச்சாகியிருந்தது, எட்டு முறையும் ஒருவரும் பார்க்கவில்லை. அதே அலுவலகம்தான் என் தேநீர்ச் சீட்டில் தேதி தேடியது.

நகலுக்குப் பக்கத்துக்கு இரண்டு ரூபாய் வீதம் 28 ரூபாய் கேட்டார்கள். முப்பது நாள் தாண்டினால் இலவசம், பிரிவு 7(6) என்றேன். எழுத்தர் சிரித்துவிட்டார். நகல் எடுத்துத் தந்தார், தண்ணீரும் கொடுத்தார். நல்ல மனிதர்தான்.

பொங்கலுக்கு முன் 35,000 ரூபாய் வந்தது. மார்ச் மாதத்து 5,000 மட்டும் வரவில்லை. அது முந்தைய நிதியாண்டாம், கணக்கு முடித்துவிட்டார்களாம். எழுத்துமூலம் சொல்லுங்கள் என்றால் யாரும் சொல்லவில்லை.

அடுத்த மனுவுக்கு ஸ்டாம்பு வாங்க அக்காவே பஸ் ஏறிப் போனார். "பன்னிரண்டு கேட்டான் பாப்பா," என்றார் திரும்பி வந்து. "பத்துதானே போட்டிருக்கிறது என்று பத்துதான் கொடுத்தேன்."