மிருதங்க வகுப்புக்கு ஒரு ரசீது

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில், கொழிஞ்சாம்பாறைப் பக்கம் எங்கள் ஊர். வீட்டிலும் கடையிலும் தமிழ், வில்லேஜ் ஆபீஸில் மலையாளம். மகள் தமிழ் மீடியம் அரசுப் பள்ளியில் படிக்கிறாள். ஒன்பது வயதிலிருந்து சித்தூரில் ஒரு சாரிடம் மிருதங்கம் கற்றுக்கொள்கிறாள். மாதம் 600 ரூபாய். என் தையல் வருமானத்தில் கொடுத்துவந்தேன். அவளுக்கு மத்திய அரசின் உதவித்தொகை கிடைத்த கதையைக் கேட்டு நிறையப் பேர் விசாரிக்கிறார்கள், அதனால் எழுதுகிறேன்.

சி.சி.ஆர்.டி. என்று சொல்வார்கள். மத்திய பண்பாட்டு அமைச்சகத்தின் கீழ் இயங்கும் பண்பாட்டு வளங்கள் மற்றும் பயிற்சி மையம். கலையில் திறமை உள்ள 10 முதல் 14 வயதுப் பிள்ளைகளுக்கு 1982 முதல் உதவித்தொகை தருகிறார்கள். வருஷத்துக்கு 3600 ரூபாய். அதுபோக, குருவுக்குக் கொடுக்கும் கட்டணத்தை வருஷத்துக்கு 9000 ரூபாய் வரை திருப்பித் தருவார்கள். எங்களுக்கு 7200 ஆகிறது, அதனால் முழுதும் அடங்கிவிடும். இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்த அன்றைக்குத்தான் விண்ணப்பிப்பது என்று முடிவெடுத்தேன்.

முதல் முட்டுக்கட்டை பிறப்புச் சான்றிதழ். பிரசவம் என் அம்மா வீட்டில், பொள்ளாச்சியில். பதிவு செய்தபோது குழந்தைக்குப் பெயர் வைத்திருக்கவில்லை, சான்றிதழில் பெயர் இருக்க வேண்டிய இடம் காலி. இங்கே பலருக்கு இப்படித்தான் இருக்கிறது, யாரும் கவனிப்பதில்லை. பிறப்பைப் பதிந்து 15 வருஷத்துக்குள் பெயரைச் சேர்த்துக்கொள்ளலாம். ஆனால் பள்ளிப் பதிவேடும் ஆதாரும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். ஆதாரில் இனிஷியல் தமிழ்நாட்டு வழக்கப்படி முன்னால், பள்ளியில் கேரள வழக்கப்படி பின்னால். முதலில் அதைச் சரிசெய்து, அப்புறம் பொள்ளாச்சிக்கு இரண்டு நடை. உங்கள் பிள்ளைக்கு எட்டு வயது ஆகும்போதே இந்த மூன்றையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

இரண்டாவது சிக்கல் நான் எதிர்பாராதது. கட்டணத்துக்கு ரசீது வேண்டும், குருவின் சான்றும் வேண்டும். நாற்பது வருஷமாகச் சொல்லிக்கொடுக்கிறவர் சார், ஒரு ரசீதுகூட எழுதியதில்லை. வெற்றிலையில் வைத்துக் கொடுப்போம், எண்ணிப் பார்க்காமல் ஜிப்பாவில் போட்டுக்கொள்வார். நான் கேட்டதும் அவர் முகம் மாறிவிட்டது. "தட்சணைக்கு ரசீதாம்மா? நான் என்ன கடையா வெச்சிருக்கேன்?" என்றார். கோபம் இல்லை, சங்கடம். அடுத்த வாரம் திரும்பப் போனேன். "சார், இது உங்களுக்காக இல்லீங்க, டெல்லியில இருக்கிறவங்களுக்கு உங்க பேரு தெரியணுமில்லீங்களா" என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, பிள்ளையிடம் பேனா வாங்கி, தான் யாரிடம் கற்றார், எத்தனை வருஷம் வாசித்தார் என்று ஒரு பக்கம் நிறைய எழுதிக் கொடுத்தார். மிருதங்க மேதை பாலக்காடு மணி ஐயரின் மண்ணில் இன்னும் எத்தனை ஆசிரியர்கள் இப்படி எந்தத் தாளிலும் இல்லாமல் இருக்கிறார்களோ என்று அன்றைக்கு ரொம்ப வருத்தமாக இருந்தது.

ஆன்லைன் விண்ணப்பம், கேரளத்தின் இ-சேவை மையமான அக்‌ஷயா மையத்தில் போட்டோம். அங்கிருந்த பெண் "சேச்சி, போட்டோ சைஸ் கூடுதலா" என்று மூன்று தடவை திருப்பிப் போட்டாள், பொறுமையாக.

தேர்வு திருவனந்தபுரத்தில். பாலக்காட்டில் இரவு ரயில் ஏறி, மடியில் மிருதங்கத்தை வைத்துக்கொண்டே போனோம். ஜன்னல் ஈரக்காற்று பட்டால் தோல் தொய்ந்து சுருதி இறங்கும் என்று அவள் போர்வையை அதற்குப் போர்த்திவிட்டாள். எங்களை வெளியே நிறுத்திவிட்டார்கள், கதவு சாத்தியும் சத்தம் கேட்டது. ஆதி தாளம், அப்புறம் மூன்று மூன்றாக எண்ணும் திஸ்ர நடை. நடுவில் நிறுத்தச் சொல்லி, வாசிக்கிற சொற்களை, அதாவது சொற்கட்டுகளை, கையில் தாளம் போட்டு வாயால் சொல்லச் சொன்னார்கள். மலையாளத்தில் கேட்டார்கள், இவள் தமிழில் பதில் சொன்னாள். "ததிங்கிணதொம்" எந்த மொழியிலும் ஒன்றுதானே. வாசிப்பை மட்டும் தயார் செய்துகொண்டு வந்த பிள்ளைகள் அந்த இடத்தில்தான் திணறினார்கள். ராகம், தாளம், வாத்தியத்தின் பாகங்கள் எல்லாவற்றையும் வாயால் சொல்லவும் பழக்குங்கள்.

பல மாதம் கழித்துப் பட்டியலில் அவள் பெயர் வந்தது. இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை முன்னேற்றத்தைப் பார்த்துப் புதுப்பிப்பார்கள், 20 வயது வரை நீளலாம். ரசீதுகளை ஒரு கவரில் போட்டு வைத்திருக்கிறேன். பணம் உடனே வந்துவிடாது, அதை நம்பி மாதச் செலவைப் போட்டுவிடாதீர்கள். வாத்தியச் செலவு தனி. பெருவெம்பில் மிருதங்கம் கட்டுகிற குடும்பங்கள் இருக்கின்றன, வலந்தலை, அதாவது வலது பக்கத் தோல் முகத்தை மாற்ற அங்கேதான் போகிறோம். நாள் முழுக்கத் தோலோடும் வாரோடும் மல்லுக்கட்டி வேலை செய்கிறவர்களிடம் விலை பேச எனக்கு வாய் வராது.

ஒன்று மட்டும் மனதை அறுத்துக்கொண்டே இருக்கிறது. இந்த உதவித்தொகை, ஏற்கெனவே ஒரு குருவைத் தேடிப் பணம் கட்டிச் சேர்த்தவர்களின் பிள்ளைக்குத்தான். அவளோடு பெஞ்சில் தாளம் போடுகிற பிள்ளைகளுக்கு அந்த வாசலே தெரியாது. 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணையில், 6 முதல் 8 வகுப்பு வரை நூறு பிள்ளைகளுக்கு மேல் இருந்தால் கலைக்கு ஒரு பகுதிநேர ஆசிரியர் வேண்டும் என்று இருக்கிறது. எங்கள் பள்ளியில் அதற்கு மேல் இருக்கிறார்கள். ஓவியத்துக்கு ஒருவர் வாரத்தில் இரண்டு நாள் வருகிறார், மற்ற நாளில் வேறு பள்ளிகள். பாட்டுக்கு, வாத்தியத்துக்கு யாரும் இல்லை. பெற்றோர் ஆசிரியர் சங்க (பி.டி.ஏ.) கூட்டத்தில் எழுந்து இதைக் கேட்டேன். வஜ்ர ஜூபிலி பெல்லோஷிப் என்று கேரள பண்பாட்டுத் துறை இளம் கலைஞர்களுக்கு உதவித்தொகை கொடுத்து, உள்ளாட்சிகள் மூலம் இலவசமாகக் கலை சொல்லிக்கொடுக்க வைக்கிறது. எங்கள் பள்ளிக்கும் அப்படி ஒருவரை, தமிழில் பேசத் தெரிந்தவராகக் கேட்டு மனு எழுதினோம். நாற்பத்தொரு அம்மாக்கள் கையெழுத்துப் போட்டார்கள்.

மனு பிளாக் பஞ்சாயத்தில் இருக்கிறது. வரும் திங்கட்கிழமை மறுபடி போகிறேன்.