ஒரு ஜோடி ஜிமிக்கி என்ன விலை?

ஆகஸ்ட் 3, 2025, ஞாயிறு

அலுவலகத்துத் தோழி ஒருத்தி என் காதில் இருந்த பட்டுநூல் ஜிமிக்கியைப் பார்த்து, தனக்கும் ஒன்று வேண்டும் என்றாள். "எவ்ளோ?" என்று கேட்டதும் வாய் தானாக "அஞ்சு வெள்ளி", அதாவது ஐந்து சிங்கப்பூர் டாலர், என்று சொல்லிவிட்டது. இன்று உட்கார்ந்து கணக்குப் போட்டேன். ஜிமிக்கி பேஸ் 80 காசு, நூல் 40, கல் சங்கிலி 1.20, முத்து 30, கொக்கி 50, அட்டைப்பெட்டி 60. மொத்தம் 3.80. நூலைப் பிரித்து, இழை விலகாமல் துளை வழியே விட்டுச் சுற்றி, பசை காய்ந்து முடிக்க 70 நிமிடம். அதற்கு என் கூலி 1.20. மணிக்கு ஒரு வெள்ளிக்குச் சற்று மேல்!

என் கணவரிடம் சொன்னேன். "ஆசைக்குத்தானே செய்ற" என்றார். அது சரிதான். ஆனால் ஆசைக்குச் செய்தால் சும்மா கொடுத்திருக்கலாமே. காசு வாங்கிய பிறகு எப்படி அப்படிச் சொல்வது?

ஆகஸ்ட் 9, சனி

தேசிய தினம். அண்ணன் மகளுக்குச் சிவப்பு வெள்ளையில் ஒரு ஜோடி. இது சும்மாதான்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

விதிமுறைகளைப் படித்தேன். வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டில் இந்த அளவுக்குச் சிறு தொழில் செய்யத் தனி அனுமதி வேண்டாம். அண்டை வீட்டாருக்குத் தொந்தரவு கூடாது, வாசலில் விளம்பரப் பலகை மாட்டக் கூடாது. அடையாள அட்டையில் உள்ள என் முழுப்பெயரில் செய்தால் அக்ராவில் (தொழில்களைப் பதியும் அரசு அமைப்பு) பதிய வேண்டியதில்லை. அழகாக ஒரு கடைப்பெயர் வைத்தால் பதிய வேண்டும். நான்கு பெயர் யோசித்து வைத்திருந்தேன், நான்கும் போச்சு. வருமானத்தை வரிப் படிவத்தில் காட்ட வேண்டும். நிகர வருமானம் ஆண்டுக்கு 6,000 வெள்ளியைத் தாண்டினால் மெடிசேவும் (மருத்துவச் செலவுக்கான கட்டாயச் சேமிப்பு) கட்ட வேண்டுமாம். நான் போகிற வேகத்துக்கு அந்தக் கவலை இப்போதைக்கு இல்லை.

செப்டம்பர் 6, சனி

பக்கத்து வீட்டு மக்சிக்குக்கு (மலாய் அம்மாவை அப்படித்தான் கூப்பிடுவோம்) பச்சையில் ஒரு ஜோடி கொடுத்திருந்தேன். இரண்டே நாளில் காது சிவந்து அரிப்பு. பாவம், அவர் சொல்லவே கூச்சப்பட்டார். மலிவான கொக்கியில் நிக்கல் கலந்திருக்கும், சிலருக்கு அது ஒத்துக்கொள்ளாது. எனக்கு ஒன்றும் ஆகவில்லை என்பதால் யாருக்கும் ஆகாது என்று நினைத்தது என் தப்பு. கையிலிருந்த கொக்கிகள் எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டேன். இனி 925 வெள்ளிக் கொக்கிதான். ஜோடிக்கு 2.30 ஆகிறது. நம் ஊர் ஈரக்காற்றில் சீக்கிரம் கறுக்கும், ஆகவே ஒவ்வொன்றையும் காற்றுப் புகாத சிறு பையில் போட்டுத்தான் கொடுக்க வேண்டும்.

செப்டம்பர் 14, ஞாயிறு

வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் "925 வெள்ளிக் கொக்கி" என்று போட்டேன். பத்து நிமிடத்தில் சித்தி அழைத்துவிட்டார்: "ஏன்டி, கொக்கிக்கே தொள்ளாயிரத்து இருபத்தஞ்சு வெள்ளியா?" நூற்றுக்கு 92.5 பங்கு வெள்ளி, மிச்சம் பெரும்பாலும் செம்பு, சுத்த வெள்ளி ரொம்ப மென்மை என்று விளக்கி முடிப்பதற்குள் எனக்கே சிரிப்பு. டாலரையும் வெள்ளி என்கிற ஊரில் இதை எப்படித்தான் எழுதுவது? இப்போது "சில்வர் கொக்கி" என்று மாற்றிவிட்டேன்.

செப்டம்பர் 27, சனி

ஒவ்வொரு ஜோடியாக முடிக்காமல், பத்து ஜோடிக்கும் முதலில் நூல் சுற்றி, அப்புறம் மொத்தமாகக் கல் ஒட்டிப் பார்த்தேன். ஒன்று காய்வதற்குள் அடுத்தது கைக்கு வருகிறது. ஜோடிக்கு 40 நிமிடம்தான். பொருள் 5.60, என் நேரம் மணிக்கு 12 வெள்ளி என்றால் 8. கெட்டுப்போகிறவற்றுக்கும் சேர்த்து 15 என்று முடிவு செய்தேன். சொல்லிப் பார்க்கக் கண்ணாடி முன் நின்றேன். "பதினஞ்சு" என்றதும் என்னை அறியாமல் "ஆனா உங்களுக்கு..." என்று வாய் இழுக்கிறது.

அக்டோபர் 5, ஞாயிறு

லிட்டில் இந்தியாவில் தேக்கா பக்கம் போனோம். தீபாவளிக் கூட்டம், தோளோடு தோள். ஒரு கடையில் இறக்குமதி ஜிமிக்கி மூன்று ஜோடி பத்து வெள்ளி. வயிறு கலங்கியது. கையில் எடுத்துப் பார்த்தேன், வேலைப்பாட்டில் குறை சொல்ல முடியாது. திரும்பி வரும்போது ரயிலில் யோசித்தேன்: என்னிடம் வாங்கிய எட்டுப் பேரில் ஆறு பேர் ரவிக்கைத் துணியோடு வந்தவர்கள். "இந்த மாம்பழ மஞ்சள், அந்த அரக்கு பார்டர்" என்று. அந்தத் துணுக்கைக் கடைக்குக் கொண்டுபோனால் யார் நூல் கலந்து கொடுப்பார்கள்? இனி ஸ்டேட்டஸில் ஜிமிக்கிப் படம் மட்டும் போடப் போவதில்லை. சேலைக்கு மேல் வைத்துத்தான் படம்.

அக்டோபர் 12, ஞாயிறு

ஆர்டர் நிறுத்தியாச்சு. விரல் நுனியெல்லாம் பசை.

அக்டோபர் 18, சனி

23 ஜோடி, 345 வெள்ளி. பொருளுக்கு 128.80. மிச்சம் 216.20, அதில் புது இடுக்கிக்கு 18 போனது. மக்சிக் மகள் கல்யாணத்துக்கு ஒரே நிறத்தில் பன்னிரண்டு ஜோடி கேட்டிருக்கிறார். விலை சொன்னேன், தலையாட்டினார். உள்ளே போய்க் கதவைச் சாத்திவிட்டுத்தான் மூச்சு விட்டேன்.

அந்த முதல் தோழி வியாழக்கிழமை செய்தி அனுப்பினாள்: தங்கைக்கும் ஒன்று வேண்டும், "அதே அஞ்சு வெள்ளிதானே?" பதினைந்து என்று எழுதி, கொக்கி மாற்றியதையும் எழுதினேன். நீலக் கோடு இரண்டும் விழுந்துவிட்டன. இன்னும் பதில் இல்லை. தங்கைக்கு என்ன நிறம் என்றாவது கேட்டிருக்கலாம்.