நாரை போடும் உரம்

என் மாமனாரின் வயல் வேடந்தாங்கல் ஏரி ஆயக்கட்டில், அதாவது ஏரித் தண்ணீர் பாயும் பரப்பில் இருக்கிறது. மார்கழியில் கரையேறினால் நத்தைகுத்தி நாரைகள் கண்ணில் படுவதற்கு முன்பே வாடை வந்துவிடும். எச்சத்திலிருந்து பறக்கும் அமோனியா அது. எச்சத்திலுள்ள தழைச்சத்தில் (நைட்ரஜன்) ஒரு பங்கு அப்படிக் காற்றோடு போய்விடுகிறது.

மிச்சம்தான் நமக்கு. பறவைகள் சுற்றுவட்டார ஏரிகளிலும் வயல்களிலும் மீன், நத்தை என்று தின்றுவிட்டு, கூடு கட்டியிருக்கும் நீர்க்கடம்பு மரங்களுக்குத் திரும்பி எச்சமிடுகின்றன. எங்கெங்கோ சிதறிக் கிடந்த சத்து இப்படி ஒரே ஏரியில் சேர்ந்து, மதகு வழியாக நெல்லுக்குப் போகிறது. மணிச்சத்து (பாஸ்பரஸ்) காற்றில் பறக்காது. வண்டலில் படிந்து, அடுத்த மழைத் தண்ணீரில் கொஞ்சம் கொஞ்சமாகக் கரையும்.

ஊர்க்காரர்களுக்கு இது எப்போதோ தெரியும். பறவைகளைச் சுடவந்த வெள்ளைக்காரர்களைத் தடுக்கச் சொல்லி 1790களிலேயே செங்கல்பட்டு கலெக்டரிடம் போனவர்கள் அவர்கள். அரசு சரணாலயமாக அறிவித்ததெல்லாம் அப்புறம்தான்.

மாமனார் யூரியாவை அளந்துதான் போடுவார். இந்தத் தண்ணீருக்கு மேல் அதையும் கொட்டினால் கதிர் சாய்ந்துவிடும் என்பார்.