காஷன் என்கிற ஒற்றைக் கையெழுத்து: இங்கிலாந்தில் ஃபாஸ்டரிங், தத்தெடுப்பு, பழைய கேஸ்கள்

ஃபாஸ்டரிங்குக்கோ (தத்தெடுக்காமல் பிறர் பிள்ளையை வீட்டில் வைத்து வளர்ப்பது) தத்தெடுப்புக்கோ விண்ணப்பிக்க நினைப்பவர்கள் தயங்கித் தயங்கிக் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "பழைய கேஸ் ஒன்று இருக்கிறது, விடுவார்களா?" பதினைந்து வருடத்துக்கு முன் குடித்துவிட்டு வண்டி ஓட்டி லைசன்ஸ் பறிபோனதை நினைத்து நடுங்குகிறவர்கள் பெரும்பாலும் வீணாகத்தான் நடுங்குகிறார்கள். "கோர்ட்டுக்கே போகவில்லை, ஸ்டேஷனில் ஒரு கையெழுத்து, அவ்வளவுதான்" என்று சாதாரணமாகச் சொல்பவர்தான் கவனமாக இருக்க வேண்டும். அந்தக் கையெழுத்தின் பெயர் காஷன், கோர்ட்டுக்குப் போகாமல் போலீஸே கொடுக்கும் எச்சரிக்கை. குற்றத்தை ஒப்புக்கொண்டால்தான் காஷன் கொடுக்க முடியும். ஆகவே கையெழுத்துப் போட்ட கணமே "ஆம், செய்தேன்" என்று எழுதிக் கொடுத்ததாக ஆகிறது.

இங்கே எழுதுவது இங்கிலாந்துச் சட்டத்தைப் பற்றி மட்டும். ஸ்காட்லாந்துக்கும் வட அயர்லாந்துக்கும் வேறு அமைப்புகள், வேல்ஸுக்குத் தனி விதிகள்.

முதலில், விண்ணப்பதாரர்களை மதிப்பிட்டுத் தீர்மானிக்கும் எந்த ஏஜென்சியாலும் தாண்ட முடியாத கோடு எது என்று பார்த்துவிடலாம். ஃபாஸ்டரிங்குக்கு 2011-ஆம் ஆண்டு விதிகளில் 26-ஆவது விதி, தத்தெடுப்புக்கு 2005-ஆம் ஆண்டு விதிகள். இரண்டும் சொல்வது ஏறக்குறைய ஒன்றே. விண்ணப்பதாரரோ, அவர் வீட்டில் வாழும் 18 வயது நிரம்பிய வேறு யாருமோ, 18 வயதுக்குப் பிறகு செய்த ஒரு "குறிப்பிட்ட குற்றத்துக்காக" தண்டிக்கப்பட்டிருந்தாலோ, ஒப்புக்கொண்டு காஷன் வாங்கியிருந்தாலோ, விண்ணப்பதாரரைத் தகுதியானவர் என்று ஏஜென்சி கருதவே முடியாது. எத்தனை வருடம் ஆகியிருந்தாலும் சரி, சோஷியல் வொர்க்கருக்கு அவரை எவ்வளவு பிடித்திருந்தாலும் சரி.

அந்தப் பட்டியலில் குழந்தைகளுக்கு எதிரான கொலை, கடத்தல், பாலியல் குற்றங்கள், ஆபாசப் படங்கள் எல்லாம் உண்டு. பெரியவர்களுக்கு எதிரான பாலியல் வன்கொடுமையும் உண்டு. இவற்றைப் பற்றி யாருக்கும் சந்தேகம் வராது. ஆட்கள் தடுக்கி விழுவது வேறு இரண்டு இடங்களில்.

ஒன்று, 1933-ஆம் ஆண்டு சிறார் சட்டத்தின் முதல் பிரிவு. அதன் தலைப்பில் "கொடுமை" என்ற சொல் இருப்பதால் சூடு வைப்பது, பட்டினி போடுவது என்றுதான் தோன்றும். ஆனால் அலட்சியம், தனியே விட்டுச் செல்வது, ஆபத்தில் விடுவது எல்லாமே அதே பிரிவில் அடங்கும். நான்கு வயதுப் பிள்ளையைக் காரில் விட்டுவிட்டுக் கடைக்குள் போனது, இரவு ஷிஃப்டுக்காகச் சின்னப் பிள்ளைகளை வீட்டில் தனியே விட்டது, இப்படிப்பட்ட சம்பவத்துக்கு இந்தப் பிரிவின் கீழ் காஷன் வாங்கியிருந்தால் அது குறிப்பிட்ட குற்றம். கதவு மூடிவிடும்.

இரண்டாவது, அடி. பிள்ளையை அறைந்த ஒரே சம்பவம் போலீஸ் தாளில் இரண்டு விதமாகப் பதிவாகலாம். சாதாரணத் தாக்குதல், அதாவது 'காமன் அசால்ட்' என்று பதிவானால் அது தானாகத் தகுதியை இழக்கச் செய்யும் பட்டியலில் வராது. ஏஜென்சி தோண்டித் துருவும், விண்ணப்பத்தைப் பரிசீலிக்கும் பேனல் கடுமையாகக் கேட்கும், ஆனாலும் பேச இடம் இருக்கிறது. தடிப்பு விழுந்ததால் 1861-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 47-ஆம் பிரிவில், உடற்காயம் விளைவித்ததாகப் பதிவானால் அது பட்டியலில் விழுகிறது. அதற்குப் பிறகு பேசிப் பயனில்லை. "அடித்ததற்கு ஒரு காஷன்" என்று நினைவில் வைத்திருப்பது போதாது. எந்தப் பிரிவு என்று தாளைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஃபாஸ்டரிங்கில் மட்டும் ஒரு சின்னச் சந்து இருக்கிறது. குறிப்பிட்ட ஒரு குழந்தையின் நலனுக்கு அது தேவை என்று ஏஜென்சி திருப்தியடைந்து, விண்ணப்பதாரரோ வீட்டில் உள்ளவரோ அந்தக் குழந்தைக்கு உறவினராக இருந்தாலோ, விண்ணப்பதாரர் ஏற்கெனவே அந்தக் குழந்தையை ஃபாஸ்டர் செய்துகொண்டிருந்தாலோ, அந்தக் குழந்தைக்கு மட்டும் அனுமதிக்கலாம். தங்கை பிள்ளையை எடுத்து வளர்க்க வரும் பெரியம்மாவுக்கு இது பெரிய விஷயம். "உங்களுக்குக் கேஸ் இருக்கிறதே" என்று யாராவது தொலைபேசியிலேயே முடித்துவிடப் பார்த்தால், 26-ஆவது விதியின் உறவினர் விலக்கைப் பரிசீலித்தீர்களா என்று எழுத்தில் கேளுங்கள்.

இந்தக் கோட்டுக்கு வெளியே இருப்பவை எல்லாம் ஏஜென்சியின் தீர்மானம். கடைத் திருட்டு, கஞ்சா வைத்திருந்தது, பெனிஃபிட் மோசடி, குடித்து ஓட்டியது, இருபது வயதில் பப் வாசலில் நடந்த கைகலப்பு எல்லாம் இந்தக் கணக்கில்தான் வரும். என்ன நடந்தது, எத்தனை வயதில், எவ்வளவு காலம் ஆயிற்று, ஒரு தடவையா பல தடவையா, அதற்குப் பிறகு வாழ்க்கை எப்படிப் போயிற்று என்று எடைபோடுவார்கள். ஒற்றைப் பெரிய சம்பவத்தைவிட, சின்னதாக நான்கைந்து ஒரே மாதிரி இருப்பதுதான் கலவரப்படுத்தும். மூன்று வருட இடைவெளியில் இரண்டு தடவை குடித்து ஓட்டியிருந்தால் கேள்வி காரைப் பற்றி இருக்காது, குடியைப் பற்றி இருக்கும். வீட்டு வன்முறைக்காகப் போலீஸ் வந்து போன பதிவுகளும் அப்படித்தான். கேஸ் போடாவிட்டாலும் எடை அதிகம்.

இனி டிபிஎஸ், அதாவது குற்றப் பதிவுகளைச் சோதித்துச் சான்றிதழ் தரும் அரசு அமைப்பு. இதில் எடுப்பது உயர்நிலைச் சான்றிதழ், கூடவே தடைப்பட்டியல் (சிறாரோடோ பாதுகாப்புத் தேவைப்படும் பெரியவர்களோடோ வேலை செய்யத் தடை செய்யப்பட்டவர்களின் பட்டியல்) சோதனை. தாள் கைக்கு வந்ததும் பெட்டி பெட்டியாகப் படியுங்கள். முதல் பெட்டியில் தண்டனைகள், காஷன்கள். அடுத்து கல்விச் சட்டத்தின் கீழுள்ள பட்டியல், பிறகு சிறார் தடைப்பட்டியல், பெரியவர்கள் தடைப்பட்டியல். கடைசியில் "காவல்துறைத் தலைமை அதிகாரியின் விருப்புரிமையில் வெளியிடப்படும் பிற தகவல்" என்ற பெட்டி. ஒன்றுமில்லை என்றால், சோதிக்கப்பட்ட பெட்டிகளில் "நன் ரெக்கார்டட்" என்று இருக்கும். பலர் முதல் பெட்டியைப் பார்த்துவிட்டு மூச்சு விடுகிறார்கள். வினையே கடைசிப் பெட்டியில்தான் வரும். கைதாகி விடுவிக்கப்பட்டது, அக்கம்பக்கப் புகார், விசாரணையோடு நின்றுபோனது, இவையெல்லாம் பொருத்தமானவை என்று போலீஸ் நியாயமாக நம்பினால் அங்கே எழுதலாம். சிறார் தடைப்பட்டியலில் பெயர் இருந்தால் நிராகரிப்போடு நிற்காது. அந்நிலையில் ஃபாஸ்டரிங் செய்ய முயல்வதே குற்றம், ஐந்து வருடம் வரை சிறை.

எல்லாப் பழைய பதிவும் தாளில் வருவதில்லை. வடிகட்டும் விதிகள் 2013-இல் வந்தன. உச்ச நீதிமன்றத் தீர்ப்பு ஒன்றுக்குப் பிறகு 2020 நவம்பர் 28 முதல் தளர்த்தப்பட்டன. 18 வயதுக்குப் பிறகு பெற்ற தண்டனை சிறையில்லாததாக இருந்து, மறைக்கக்கூடாத குற்றங்களின் பட்டியலில் இல்லாவிட்டால் 11 வருடத்தில் மறையும். நிறுத்திவைத்த சிறைத் தண்டனையும் சிறைக் கணக்கில்தான் சேரும், மறையாது. 18-க்கு உட்பட்டவர்களுக்கு 11-க்குப் பதில் ஐந்தரை வருடம். பெரியவரின் காஷன், அந்தப் பட்டியலில் இல்லையென்றால், 6 வருடத்தில் போய்விடும். சிறுவயதில் வாங்கிய காஷன்கள் இப்போது தானாக வருவதில்லை. 2016 ஜூனில் குடித்து ஓட்டி அபராதமும் ஓட்டுநர் தடையும் பெற்றவரின் தாளிலிருந்து அது 2027 ஜூனில் நீங்கும். 47-ஆம் பிரிவுத் தண்டனையும் 1933-ஆம் ஆண்டுச் சட்டக் காஷனும் எப்போதுமே நீங்காது.

வடிகட்டப்பட்ட பழைய விஷயத்தைச் சொல்ல வேண்டிய கட்டாயம் சட்டப்படி இல்லை. ஆனாலும் சொல்லிவிடுவது நல்லது என்பதே என் கருத்து. இந்த மதிப்பீடு வேலை நேர்காணல் மாதிரி அரை மணி நேரத்தில் முடிவதில்லை. மாதக்கணக்கில் உட்கார்ந்து சின்ன வயசிலிருந்து பேச வைப்பார்கள். பரிந்துரை கொடுக்கும் நண்பரைத் தனியே சந்திப்பார்கள். முன்னாள் துணையோடும் பேச முயல்வார்கள். வேறொருவர் வாயிலிருந்து வந்தால் விஷயத்தின் நிறமே மாறிவிடும். இதில் இன்னொரு சங்கடம், கணவனுக்கு இருப்பது மனைவிக்குத் தெரியாமல் இருப்பது. தனித்தனியாகவும் பேசுவார்கள் என்பதால் இரண்டு பேரின் கதை பொருந்தாவிட்டால் அறிக்கையில் ஏறிவிடும். முதலில் வீட்டுக்குள் பேசி முடியுங்கள்.

அதனால் விண்ணப்பப் படிவத்தைத் தொடுவதற்கு முன் உங்கள் பதிவை நீங்களே வாங்கிப் படித்துவிடுங்கள். போலீஸ் தேசியக் கணினியில் உங்களைப் பற்றி இருப்பதை ஏக்ரோ என்ற போலீஸ் ஆவண அலுவலகத்திடம் இலவசமாகக் கேட்டுப் பெறலாம், ஒரு மாதத்துக்குள் தர வேண்டும். உள்ளூர்ப் போலீஸின் குறிப்புகளுக்கு அந்தந்தப் போலீஸ் படையிடம் தனியாகக் கேட்க வேண்டும். கடைசிப் பெட்டியில் வரக்கூடியவை அங்கேதான் கிடக்கின்றன. வந்த தாளில் சம்பவத் தேதி, தண்டனைத் தேதி, குற்றப் பிரிவு, முடிவு ஆகிய நான்கையும் குறித்துக்கொள்ளுங்கள். சம்பவத் தேதியில் உங்களுக்கு 18 நிரம்பியிருந்ததா என்பதை அங்கேயே பார்த்துவிடலாம். 11 வருடக் கணக்கு தண்டனைத் தேதியிலிருந்து ஓடும்.

நம்மவர்களுக்கு மட்டுமே வரும் தலைவலி ஒன்று: பெயர். ஒரு பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் குடும்பப் பெயராக, இன்னொன்றில் முதல் பெயராக, கல்யாணத்துக்குப் பிறகு கணவர் பெயர், பழைய ஆவணத்தில் வேறு எழுத்துக்கூட்டல். டிபிஎஸ் படிவத்தில் இதுவரை பயன்படுத்திய எல்லாப் பெயர்களையும், கடந்த ஐந்து வருட முகவரிகள் அனைத்தையும் இடைவெளி இல்லாமல் எழுத வேண்டும். ஒரு பெயரை விட்டால் மறைத்ததாகத் தோன்றும். இன்னொருவரின் பதிவோடு குழம்பினால் கைரேகை கேட்பார்கள், வாரங்கள் ஓடும். தாளில் தவறு இருந்தால் அதன் தேதியிலிருந்து மூன்று மாதத்துக்குள் டிபிஎஸ்ஸிடம் முறையிடுங்கள். கடைசிப் பெட்டியிலுள்ள குறிப்பு நியாயமில்லை என்றால் அதைத் தனியாக ஒரு சுதந்திரக் கண்காணிப்பாளர் வரை கொண்டுபோகலாம்.

வெளிநாட்டில் நடந்தவை டிபிஎஸ்ஸில் பொதுவாக வராது. அதனால் வாழ்ந்த நாட்டின் போலீஸ் சான்றிதழை ஏஜென்சி கேட்கும். இலங்கையிலிருந்து அகதியாக வந்தவருக்கு அந்த அரசிடமே போய் நிற்பது முடியாத காரியம். காரணத்தை முதல் சந்திப்பிலேயே சொல்லி, அந்தக் காலத்தில் உங்களை அறிந்தவர்களின் பரிந்துரையை மாற்றாக முன்வையுங்கள். கேட்கும்வரை காத்திருந்தால் தட்டிக்கழிப்பதுபோல் ஆகிவிடும்.

பழைய சம்பவத்தைப் பற்றி ஒரு பக்கம் எழுதிக் கொடுப்பது உதவும். என்ன நடந்தது, யாருக்குப் பாதிப்பு, என்ன தண்டனை, அதை முடித்ததற்கான சான்று, அதற்குப் பிறகு மாறியது என்ன. "சும்மா ஒரு தள்ளுமுள்ளு" என்று எழுதிவிட்டுப் போலீஸ் தாளில் மூக்கு உடைந்தது என்று இருந்தால் முடிந்தது கதை. "வக்கீல் ஒப்புக்கொள்ளச் சொன்னார், நான் ஒன்றும் செய்யவில்லை" என்பதும் அடிக்கடி வரும் வாசகம். அதைச் சொல்பவர் ஒருவேளை உண்மையே சொல்லலாம். ஆனால் தண்டனை நிற்கிறவரை ஏஜென்சி அதைச் செய்ததாகவே எடுத்துக்கொள்ளும். காஷன் கொடுத்த விதத்தில் உண்மையிலேயே கோளாறு இருந்தால், பதிவை நீக்கக் கோரி ஏக்ரோ வழியாக விண்ணப்பிக்கலாம். கிடைப்பது அபூர்வம், வக்கீலோடு போவது நல்லது. ஸ்டேஷனில் இலவச வக்கீல் உதவி எப்போதும் உண்டு. "சீக்கிரம் வீட்டுக்குப் போகலாம்" என்று அதை வேண்டாம் என்றவர்களின் காஷன்கள்தான் பிற்பாடு இப்படி வந்து நிற்கின்றன.

2013 ஜூலை முதல் ஃபாஸ்டரிங், தத்தெடுப்பு இரண்டுக்குமான மதிப்பீடு இரண்டு கட்டமாக நடக்கிறது. குற்றப் பதிவு சோதனை முதல் கட்டத்தில். ஃபாஸ்டரிங்கில் அந்தக் கட்டத்தின் தகவல்கள் எல்லாம் வந்து சேர்ந்த 10 வேலை நாட்களுக்குள் வேண்டாம் என்றால் எழுத்தில், காரணத்தோடு சொல்ல வேண்டும். அப்போது உங்களுக்கு இருக்கும் வழி ஏஜென்சியின் புகார் நடைமுறை மட்டுமே. இரண்டாம் கட்டத்துக்குப் பிறகு மறுத்தால் ஐஆர்எம் என்ற சுதந்திர மறுஆய்வுக்குப் போகலாம். அதற்கு விண்ணப்பிக்கும் கெடு ஃபாஸ்டரிங்குக்கு 28 நாள், தத்தெடுப்புக்கு 40 வேலை நாள். ஐஆர்எம் பரிந்துரை மட்டுமே தரும், கடைசி வார்த்தை ஏஜென்சியுடையதே. குறிப்பிட்ட குற்றத்தால் மறுக்கப்பட்டவருக்கு அந்த வழியும் கிடையாது.

அனுமதி கிடைத்த பிறகும் ஃபாஸ்டர் கேரர்கள் ஒன்றை மறக்கக் கூடாது. விதி "வீட்டில் 18 வயது நிரம்பியவர்" என்கிறது. மகனுக்குப் பதினெட்டு ஆகும் நாள், மாடி அறைக்கு வாடகைக்கு ஆள் வரும் நாள், புதிய துணை குடிவரும் நாள், ஊரிலிருந்து மாமனார் நிரந்தரமாக வந்து தங்கும் நாள், இவை ஒவ்வொன்றிலும் புதிய சோதனை. ஏஜென்சிக்கு முன்கூட்டியே எழுத்தில் தெரிவியுங்கள். புதிதாக ஒரு காஷன் வாங்கினாலும் அப்படியே, அடுத்த வருட மறுஆய்வு வரை தள்ளிப்போடாமல், அந்த வாரத்திலேயே.