கொலம்பியாவில் முதல் பில்

அமெரிக்காவின் தென் கரோலினா மாநிலத் தலைநகரான கொலம்பியாவுக்கு வந்த முதல் வாரம், சாம்பார் வைக்க ஒரு பாத்திரம் வாங்கினேன். ஒட்டியிருந்த விலை 20 டாலர். கல்லாவில் கேட்டது 21.60. பில்லை இரண்டு முறை படித்தேன். விற்பனை வரியாம், இங்கே அதைச் சேர்க்காமல்தான் விலை ஒட்டுவார்கள்.

அந்த வரியின் கதை, ஆண்டுகள் கழித்துக் குடியுரிமைத் தேர்வுக்குப் படித்தபோதுதான் தெரிந்தது. அரசின் மூன்று பிரிவுகளைப் பற்றித் தேடப்போய், மூன்றிலும் பதவி வகித்த உள்ளூர்க்காரர் ஜேம்ஸ் பர்ன்ஸிடம் வந்து நின்றேன்.

பர்ன்ஸ் பிறக்கும் முன்பே அவருடைய அப்பா இறந்துவிட்டார். அம்மா துணி தைத்துக் காப்பாற்றினார். பதினான்கு வயதில் பள்ளியை விட்டு வக்கீல் அலுவலகத்தில் சேர்ந்தவர், சுருக்கெழுத்து கற்று நீதிமன்றத்தில் வேலை பார்த்தார். என் அப்பாவும் சுருக்கெழுத்து படித்து வேலைக்குப் போனவர்; அந்த இடத்திலேயே பர்ன்ஸ் எனக்கு நெருக்கமாகிவிட்டார். கல்லூரி வாசலை மிதிக்காமலே வழக்கறிஞரானார். பிரதிநிதிகள் சபை, செனட், 1941இல் உச்ச நீதிமன்றம். ஆயுள் முழுக்க இருக்கக்கூடிய அந்தப் பதவியை, போர்க்காலப் பொருளாதாரத்தைக் கவனிக்க அதிபர் ரூஸ்வெல்ட் அழைத்ததும் பதினைந்து மாதங்களில் விட்டார். 1945இல் வெளியுறவு அமைச்சர். 1951இல் ஊர் திரும்பி ஆளுநர்.

மூன்று சதவீத விற்பனை வரி அந்த ஆண்டில்தான் வந்தது. அந்தப் பணத்தில் கறுப்பினக் குழந்தைகளுக்குப் புதிய பள்ளிகள் எழும்பின. படித்தபோது மனம் நிறைந்தது. காரணத்தைப் படித்ததும் நொறுங்கியது. கறுப்பினக் குழந்தைகளுக்கென்று பிரித்து வைத்த பள்ளிகளைச் சீராக்கிவிட்டால், வெள்ளையர் பள்ளியில் அவர்களைச் சேர்க்கும்படி நீதிமன்றம் சொல்லாது என்பதே கணக்கு. அப்பா இல்லாமல், படிப்பைப் பாதியில் விட்டு வளர்ந்தவருக்குப் பள்ளியின் அருமை தெரியாமலா இருந்திருக்கும்? இதை என்னால் மன்னிக்க முடியவில்லை.

இதே மாநிலத்தின் கிளாரெண்டன் மாவட்டத்தில் கறுப்பினப் பெற்றோர் முதலில் கேட்டது ஒரு பள்ளி பஸ் மட்டுமே. அதுவும் கிடைக்கவில்லை. மனுவில் கையெழுத்திட்ட ஹாரி பிரிக்ஸுக்குப் பெட்ரோல் நிலைய வேலை போயிற்று. மனைவி எலைசாவும் வேலை இழந்தார். அவர்கள் தொடுத்த வழக்கு மற்ற வழக்குகளோடு சேர்ந்து உச்ச நீதிமன்றம் வரை போனது. 1954 மே 17 அன்று பள்ளிகளில் இனப் பிரிவினை செல்லாது என்று தீர்ப்பு வந்தபோது பர்ன்ஸ்தான் ஆளுநர்.

இதைப் படித்த மறுநாள் காலை, மஞ்சள் பள்ளி பஸ்ஸுக்காகத் தெருமுனையில் நின்றபோது மகளிடம் இதைச் சொன்னேன்.

“எவ்வளவு தூரம்ப்பா நடந்தார்கள்?”

“சில பிள்ளைகள் ஒன்பது மைல் வரை.”

பஸ் வந்து நின்றது. படியில் கால் வைத்தவள் திரும்பி, “போக மட்டுமா?” என்று கேட்டாள்.