ஆறு மீட்டர் ஹாலும் சுருங்காத பெல்லட்டும்

புதுச்சேரியில் லாஸ்பேட்டையிலோ ரெட்டியார்பாளையத்திலோ வாடகைக்குப் பிடிக்கும் வீட்டில், வாசல் கதவிலிருந்து பின்சுவர் வரை நேர்கோட்டில் ஆறு மீட்டர் கிடைத்தாலே பெரிது. பிரான்சிலிருந்து இங்கே குடிவரும் சொல்தா (பிரெஞ்சுப் படையில் இருந்தவர்) குடும்பங்களில், அங்கே கிளப்பில் பத்து மீட்டர் ஏர் ரைபிள் பழகிய பிள்ளைகள் உண்டு. வந்து இறங்கியதும் அவர்கள் கேட்பது, "எங்கே சுடுறது?" மொட்டை மாடியில் நீளம் இருக்கிறதே என்று தோன்றும். வேண்டவே வேண்டாம். பக்கத்து மாடியில் யாராவது வடாம் காயவைத்துக்கொண்டிருப்பார்கள். ஹாலிலேயே சுடலாம், கதவைத் தாழ் போட்டுவிட்டு. ஆனால் டார்கெட்டைச் சுருக்கியாக வேண்டும்.

ஜெராக்ஸ் கடையில் கிளப்பின் டார்கெட் அட்டையை நீட்டி "அண்ணா, இதை அறுபது பர்சென்ட்ல எடுங்க" என்பார்கள் எல்லோரும். பாதிதான் சரி. சர்வதேச பத்து மீட்டர் ரைபிள் டார்கெட்டில் கறுப்பு வட்டம் 30.5 மி.மீ. ஆறு மீட்டருக்கு அது 18.3. முன் சைட்டின் (குழல் முனையில் குறிபார்க்கும் பாகம்) வளையத்துக்குள் கிளப்பில் தெரிந்த அதே அளவில் தெரியும். கண்ணுக்கு இதுவே போதும். புள்ளிக்கணக்கில்தான் ஏமாற்றம், ஏனென்றால் தாள் சுருங்கினாலும் பெல்லட் என்ற ஈயக் குண்டு அதே 4.5 மி.மீ. தடிமனில்தான் வருகிறது. ஓட்டையின் விளிம்பு கோட்டைத் தொட்டாலே மேல் புள்ளி என்பது விதி. அதனால் வெறுமனே சுருக்கிய தாளில், பத்து மீட்டரில் 8 வாங்கும் சில குண்டுகள் இங்கே 9 ஆகிவிடும். பிள்ளைக்குச் சந்தோஷம்தான், போட்டிக்குப் போகும்வரை.

சரியான கணக்கு இது. வளையத்தின் விட்டத்தோடு 4.5 கூட்டுங்கள், 0.6-ஆல் பெருக்குங்கள், பிறகு 4.5 கழியுங்கள். 8-ம் வளையம் மூலத்தில் 10.5 மி.மீ.; 15 ஆகி, 9 ஆகி, 4.5-இல் நிற்கும். 7-ம் வளையம் 7.5. அதற்கு வெளியே ஒவ்வொன்றும் 3 மி.மீ. கூடி, 1-ம் வளையம் 25.5. கறுப்பு வட்டத்துக்கு மட்டும் இந்தக் கூட்டல் கழித்தல் கிடையாது. அது பார்வைக்கானது, நேராக 0.6 மடங்கு. மூலத்தில் 4-ம் வளையமும் கறுப்பின் விளிம்பும் ஒன்று. இங்கே 4-ம் வளையம் 16.5-இல் உள்ளே போய்விடும். தப்பு என்று நினைத்துத் திருத்திவிடாதீர்கள்.

10-க்கு வரும்போதுதான் வேடிக்கை. மூலத்தில் 0.5 மி.மீ. புள்ளி, கணக்குப் போட்டால் கழித்தல் 1.5 என்று வருகிறது. இல்லாத வட்டத்தை எப்படி அச்சடிப்பது? 1.5 மி.மீ. புள்ளியே போட்டு, விதியைத் திருப்பிவிட வேண்டும்: ஓட்டை அந்தப் புள்ளியை முழுசாக விழுங்கினால் 10. 9-ம் வளையத்துக்கும் கணக்கில் வருவது அதே 1.5. ஆகவே கறுப்பின் நடுவில் ஒரே வெள்ளைப் புள்ளி போதும். தொட்டால் 9, மிச்சமில்லாமல் மறைந்தால் 10. பெல்லட் போன பிறகு தாளின் நார் உள்பக்கம் மடங்கி ஓட்டை சிறுத்துத் தெரியும். ஹார்டுவேர் கடையில் 4.5 மி.மீ. டிரில் பிட் வாங்கி, மழுங்கிய முனையைச் செருகிப் பாருங்கள்.

பிஸ்டலுக்கு இந்தத் தலைவலி இல்லை. 10-ம் வளையம் 11.5-இலிருந்து 5.1 ஆகும், மற்றவை 9.6 இடைவெளியில் போகும், கறுப்பு 35.7.

தூரத்தை ரைபிள் முனையிலிருந்து அளக்கக் கூடாது. கால் கட்டைவிரல் நிற்கும் கோட்டிலிருந்து தாளின் முகம் வரை அளக்க வேண்டும். 6.2 மீட்டர் வந்தால் 0.6-க்குப் பதில் 0.62. அச்செடுக்கும்போது 'பக்கத்துக்குப் பொருத்து' என்பதை எடுத்துவிட்டு நூறு சதவீதத்தில் வையுங்கள். தாளின் ஓரத்தில் 100 மி.மீ. கோடு ஒன்றும் போட்டு ஸ்கேலால் அளந்து பாருங்கள். ஏ4 தாளில் ரைபிள் டார்கெட் பன்னிரண்டு தாராளமாகக் கொள்ளும். லேசர் அச்சு நல்லது. இங்க்ஜெட் மை, அதுவும் நம் கடற்கரை ஈரத்தில், ஊறி வெள்ளைப் புள்ளியை அடைத்துவிடும். சாதாரண 80 ஜி.எஸ்.எம். தாள் கிழியும். 200 ஜி.எஸ்.எம். அட்டை எடுங்கள், பின்னால் இன்னொரு அட்டையை ஒட்டினாற்போல் வையுங்கள். பெல்லட்டும் தட்டைத் தலையாக இருக்கட்டும்.

பின்னால் குண்டு தாங்க மரப்பெட்டியில் களிமண் நிரப்பலாம். வில்லியனூர்ப் பக்கம் மண்பாண்டம் செய்கிறவர்களிடம் கேட்டால் பிசைந்த மண்ணே கிடைக்கும். காய்ந்து வெடித்தால் பெல்லட் எகிறும், ஆகவே ஈரத்துணி போட்டு மூடி வையுங்கள். பெட்டிக்குப் பின்னால் இரும்புத் தகடு, கண்ணுக்குக் கண்ணாடி, சுட்டபின் சோப்புப் போட்டுக் கை கழுவுதல். ஈயம் அது.

கடைசியாக சைட். பத்து மீட்டருக்குச் சரிசெய்த ரைபிள் ஆறு மீட்டரில் தாழ்வாகத்தான் அடிக்கும். சைட் குழலுக்கு 5 செ.மீ. மேலே இருந்து, பெல்லட் நொடிக்கு 170 மீட்டர் வேகத்தில் போனால், ஒன்றரை செ.மீ. அளவுக்குக் கீழே விழும். ரைபிள் கெட்டுவிட்டது என்று பயப்பட ஒன்றுமில்லை. ஜெர்மன் சைட்டாக இருந்தால் குமிழை 'T' எழுத்துப் பக்கம் திருப்புங்கள் (tief, ஜெர்மனில் தாழ்வு). அந்த எழுத்து குண்டு விழுந்த இடத்தைச் சொல்கிறது, நகர வேண்டிய திசையை அல்ல. எத்தனை கிளிக் என்று எண்ணி, பெட்டி மூடியின் உள்பக்கம் எழுதி ஒட்டிவிடுங்கள். பத்து மீட்டர் ரேஞ்சுக்குப் போகும் நாளில் அத்தனையையும் திருப்பி எடுக்க வேண்டும்.