ஏத்தம் வரட்டும்

"தண்ணி நல்லாருக்குன்னு வந்துச்சா தம்பி?" என்று கேட்டார் படகுக்கார அண்ணன். "நல்லாத்தான் வந்துச்சுண்ணே" என்றேன். அவ்வளவுதான் பேச்சு. அதில் பொய் எதுவும் இல்லை. ஆனாலும் 2019லிருந்து இந்த இரண்டு வரியையும் மனசுக்குள் ஓட்டிப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன்.

அப்போது ஒரு தனியார் பரிசோதனைக் கூடத்தில் சாம்பிள் எடுக்கும் வேலை. மாசத்துக்கு ஒருமுறை எண்ணூர் கழிமுகத்தில் மூன்று இடத்தில் தண்ணீர் எடுக்கணும். அன்றைக்குக் காலை 7 மணிக்கே ஐஸ் பெட்டியோடு காட்டுக்குப்பத்தில் படகேறிவிட்டோம். வத்தம். தண்ணீர் கடலைப் பார்த்து இறங்கிக்கொண்டிருந்தது, ஓரமெல்லாம் சாம்பல் சேறு. முதல் பாட்டிலைத் திறக்கும்போது மேனேஜர் போன் பண்ணினார். "அவசரப்படாதீங்க. ஏத்தம் வரட்டும், அப்புறம் எடுங்க."

ஏன் என்று கேட்கவில்லை. காரணம் எனக்கே தெரியும். வத்தத்தில் எடுத்தால் மேலேயிருந்து கழிவோடு இறங்கும் தண்ணீர் பாட்டிலுக்குள் வரும். ஏத்தத்தில் எடுத்தால் உள்ளே ஏறி வரும் கடல் தண்ணீர்தான் வரும். முறைப்படி இரண்டு நேரத்திலும் எடுத்துப் பதியணும்.

அண்ணன் என் முகத்தைப் பார்த்தார். "ஏத்தத்துல எட்த்தா கடல் தண்ணிதான வரும்? அதுக்கு இம்மாந்தூரம் இன்னாத்துக்கு வந்த? மெரினாவுல மொண்டுக்கினு போலாமே." சிரித்துக்கொண்டு சொல்லவில்லை. நான் பதில் சொல்லாமல் பாட்டிலை மூடினேன்.

காத்திருந்த அந்த மூன்று மணி நேரத்தில்தான் எல்லாம் ஆரம்பித்தது. அண்ணன் ஒரு பழைய பிஸ்கட் டின்னிலிருந்து ஒரு தூண்டில் முள்ளை எடுத்தார். அதில் வெள்ளைச் சேவல் இறகு வைத்துச் சிவப்பு நூலால் இறுக்கிக் கட்டியிருந்தது. இரை கிடையாது. "பாலத்துத் தூண் ஓரமா போடு. ரெண்டு இசு, நிறுத்து. மறுபடி இசு." நாலாவது தடவை கை வெடுக்கென்று இழுபட்டது. முழங்கை நீளத்துக்கு ஒரு கொடுவா மீன். படகுக்குள் வந்ததும் அதன் கண் வெயிலில் பொன்னாக மின்னியது. ஆசையில் வெறுங்கையால் பிடித்துவிட்டேன். கொடுவாவின் செவுள் மூடி விளிம்பு பிளேடு மாதிரி இருக்கும் என்று அப்போது தெரியாது. ஆள்காட்டி விரல் கிழிந்தது. வலியே தெரியவில்லை. அவ்வளவு சந்தோஷமாக நான் வேலை நேரத்தில் இருந்ததே இல்லை.

அந்த விரலில் துணியைச் சுற்றிக்கொண்டுதான் 10.40க்குச் சாம்பிள் எடுத்தேன். ஆக்சிஜன் பார்க்கும் தண்ணீரைக் குமிழி இல்லாமல் 300 மில்லி பாட்டிலில் நிரப்பி, அங்கேயே இரண்டு மருந்து விட்டுக் குலுக்கணும். தண்ணீரில் ஆக்சிஜன் இருந்தால் பழுப்பாகத் திரளும், இல்லாவிட்டால் வெள்ளையாகவே நிற்கும். நல்ல பழுப்பாகத் திரண்டது. அண்ணனும் எட்டிப் பார்த்தார்.

இறகைக் கட்டி மீனை ஏமாற்றுகிற அந்த வித்தைக்கு வெளியே ஃப்ளை ஃபிஷிங் என்று தனி உலகமே இருப்பது பிறகுதான் தெரிந்தது. அது குளிர் தேசத்து டிரவுட் மீனுக்கான விளையாட்டு, நம் பக்கம் என்றால் நீலகிரி அவலாஞ்சியோடு சரி என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். கொடுவாவும் இறகுக்கு வரும். நான் அதற்கான எட்டாம் நம்பர் தூண்டில் கம்பு வாங்கித் திருவொற்றியூர் வீட்டு மொட்டை மாடியில் பழகினேன். சாதாரணத் தூண்டிலில் ஈயக்குண்டின் எடை நரம்பை இழுத்துக்கொண்டு போகும். இதில் இறகுக்கு எடையே கிடையாது, தடித்த நரம்புதான் எடை. அதைப் பின்னால் வீசி, முழுசாக நீளும்வரை பொறுத்து, பிறகு முன்னால் தள்ளணும். பொறுக்காவிட்டால் சாட்டை மாதிரி சொடுக்கி இறகு அறுந்து போகும். எத்தனை இறகு போயிற்று என்று கணக்கே இல்லை.

இதையெல்லாம் விரிவாகச் சொல்வது, சொல்லவேண்டியதைத் தள்ளிப்போடத்தான் என்று எனக்கே தோன்றுகிறது.

நான் நேரத்தைச் சரியாகத்தான் எழுதினேன். 10.40. படிவத்தில் ஏத்தமா வத்தமா என்று ஒரு கட்டமே இல்லை. நேரத்தை வைத்து யார் வேண்டுமானாலும், கடல் ஏறி இறங்கும் நேரத்தைச் சொல்லும் ஓதப் பட்டியலைப் பார்த்துக்கொள்ளலாம். ஆனால் யார் பார்ப்பார்கள்? குறிப்பு என்று கீழே ஒரு வரி எழுத இடம் இருந்தது. எழுதியிருந்தால் வேலை போயிருக்குமா? போயிருக்காது என்றுதான் இப்போது நினைக்கிறேன். திட்டு விழுந்திருக்கும், அடுத்த மாசம் வேறு ஆளை அனுப்பியிருப்பார்கள். அந்தப் படகும் அந்த டின்னும் எனக்கு இல்லாமல் போயிருக்கும். அன்றைக்கு இதையும் யோசித்தேனா, இப்போதுதான் சேர்த்துக்கொள்கிறேனா, தெரியவில்லை.

அந்த வேலையை 2021இல் விட்டேன். மனசாட்சியால் என்று சொல்ல ஆசைதான். சம்பளத்துக்காக விட்டேன்.

'தண்ணி நல்லாருக்குன்னு வந்துச்சா' என்று அண்ணன் கேட்டது தெரியாமல் கேட்டதில்லை. ஏத்தம் வத்தத்தை எனக்குச் சொல்லிக்கொடுத்தவரே அவர்தான். தெரிந்தே கேட்டார். நான் என்ன சொல்கிறேன் என்று பார்க்கக் கேட்டாரா, இல்லை வாய் தவறியாவது நான் 'நல்லால்லண்ணே' என்று சொல்லிவிட மாட்டேனா என்று கேட்டாரா?

2023 டிசம்பரில், மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் வந்து கழிமுகம் முழுக்கப் படிந்தபோது போய்ப் பார்த்தேன். அவர் படகின் பக்கப்பலகை தார் பூசினது மாதிரி இருந்தது. துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். நானும் ஒரு துணியை எடுத்துக்கொண்டேன். சாயங்காலம்வரை துடைத்தோம். அன்றைக்கும் சொல்லவில்லை.

இப்போது என்னால் முடிகிற ஞாயிற்றுக்கிழமைகளில் போகிறேன், அதுவும் வத்தத்தில்தான். தண்ணீர் இறங்கும்போது அலையாத்திப் புதருக்குள்ளிருந்து பொடி மீனும் இறாலும் வெளியே வரும், அதற்காகக் கொடுவா வாய்க்கால் முனையில் காத்திருக்கும். நான் பாட்டிலை மூடி வைத்த அதே நேரம். போன வாரம் சொல்லிவிடுவது என்று முடிவு பண்ணிக்கொண்டுதான் படகேறினேன். கம்பை எடுத்துப் பின்னால் வீசியபடியே "அண்ணே, அன்னிக்கு அந்தத் தண்ணி..." என்று ஆரம்பித்தேன். அவர் என் நரம்பையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவசரப்படாத தம்பி. பின்னால நல்லா நீளட்டும்."